இருபத்தொரு பச்சைக் குறிகள்

ஜூலை 1, திங்கள்

கைபேசியை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். இனிப் பள்ளிக்கு எடுத்துப்போவதில்லை. சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும், அம்மாவிடம் பேச. அதற்கு ஈடாக இந்த நோட்டு.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். எழுதினால் சிறிதாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

பதினொன்றாம் வகுப்பு. செய்யுள். மேஜைமேல் என் கைபேசி ஒளிர்ந்தது. மூன்று வாரமாக என்னோடு பேசாமல் இருந்த தீபனின் பெயர். 'ஹாய்' மட்டும். பார்த்தேன். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. பத்தொன்பது விநாடி நான் வகுப்பில் இல்லை. பிறகு நிமிர்ந்து "எங்க விட்டேன்?" என்று கேட்டிருக்கிறேன்.

இது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. வகுப்பில் யாரோ எடுத்த வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் முகத்தின்மேல் ஒரு வட்டம் சுற்றுகிறது. படம் வராமல் திணறும்போது சுற்றுமே, அந்த வட்டம். கீழே: டீச்சர் பஃபரிங்.

காட்டியது கணக்கு டீச்சர் வேதம்மா. ஐம்பத்து நான்கு வயது. தினமும் காலையில் ரோஜாப்பூவோடு எல்லோருக்கும் வணக்கம் அனுப்புகிறவர். "ஏ அகல்யா, இது நீதான? என் தங்கச்சி மகன் அனுப்பிருக்கான். கோயம்புத்தூர்ல இருக்கான் அவன்."

கோயம்புத்தூர் வரை போய்விட்டேன்.

இளைஞர்களின் கவனச் சிதறல் பற்றி எம்.ஏ.வில் பதினெட்டுப் பக்கக் கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண். இளைஞர்கள் என்று நான் எழுதியபோது வேறு யாரையோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

கை மூன்று முறை பைக்குள் போயிற்று. உள்ளே சாக்பீஸ் பெட்டி.

ஜூலை 4, வியாழன்

ஐந்தாம் பிரிவேளை. முதல் பெஞ்சு, ஆவுடைச்செல்வி. குனிந்த தலை. புத்தகப்பையில் சாய்த்து வைத்த ஒரு போன். அதன் முதுகு என் பக்கம். கேமராக் கண் என் பக்கம்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"கொடு."

"ரெண்டே நிமிசம் டீச்சர். சுத்திக்கிட்டே இருக்கு, இப்பம் முடிஞ்சிரும்."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஒரு வாரமாக மாடிப்படியிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"யாரைப் படம் எடுக்கிற?"

"படமா? இல்ல டீச்சர், சத்தியமா."

பிடுங்கினேன். கொடுக்க மறுக்கவில்லை அவள். விரல்கள் விட மறுத்தன, அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் இன்னாசிமுத்து சார் கைபேசிப் பதிவேட்டை எடுத்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அந்த வீடியோ அவர்வரை போகாத ஒரே காரணம் அது. "காரணம்னு என்ன எழுத?"

"ஆசிரியரைப் படம் எடுத்தது."

எழுதினார். விதிப்படி அம்மாவோ அப்பாவோ நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் போன் திரும்பும். அதுவரை வகுப்பாசிரியரின் பீரோவில். சாவி என்னிடம்.

இரவு நன்றாகத் தூங்கினேன். ஒரு வாரத்தில் முதல் முறை. அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"டீச்சர், அது எங்கம்மா போன்."

"அப்போ அம்மாவைக் கூட்டிட்டு வா."

"அவங்களால வர முடியாது."

"ஏன்?"

"வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"நான் எழுதித் தாரேன் டீச்சர். நூறு தடவைன்னாலும் எழுதுதேன். ஆனா படம் எடுக்கல."

"படம் எடுக்கலன்னா போன்ல என்ன செஞ்சுக்கிட்டிருந்த?"

தரையைப் பார்த்தாள். அந்த மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

போன் பீரோவுக்குள் அதிர்கிறது. காலையிலிருந்து ஆறு முறை. இரும்புப் பலகையில் அந்தச் சத்தம் மாட்டிக்கொண்ட வண்டு போல. வேதம்மா டீச்சர் கேட்டார்: "உள்ள யாரைப் பூட்டி வச்சிருக்க?"

ஒவ்வொரு அதிர்வுக்கும் என் கை என் பைக்குப் போகிறது.

ஜூலை 7, ஞாயிறு

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ஏழு குடம் பிடித்தேன். சேலைகளுக்குக் கஞ்சி போட்டேன். வீட்டுக்காரம்மா தட்டில் பணியாரம் கொண்டுவந்து வைத்து, "ஒத்தையில என்னதான் பண்ணுதீக?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் எதிர்பார்க்காத கேள்வி. ஆனாலும் ரொம்ப நேரம் பதில் யோசித்தேன்.

அரை மணி நேரம் இன்று ஒன்றரை மணி ஆகிவிட்டது. அந்த வீடியோவை இரண்டாயிரத்து நானூறு முறை பார்த்திருக்கிறார்கள். அதில் நாற்பது முறை நான்.

என் புருவத்தைப் பார்க்கிறேன். திறந்தபடி நிற்கும் வாயைப் பார்க்கிறேன். தீபனின் பெயரைப் பார்க்கும்போது இப்படித்தான் இருப்பேனா.

ஜூலை 8, திங்கள்

"இன்னும் யாரும் வரலியா?" என்றார் இன்னாசிமுத்து சார். "அடுத்த புதன்கிழமை கமிட்டி கூடுது. வாத்தியார்மாரைப் படம் எடுக்குற பிள்ளைகளுக்கு டி.சி. குடுத்திரணும்ங்காரு செயலாளர். பாத்துக்கோங்க."

டி.சி. பதினொன்றாம் வகுப்பு நடுவில்.

மதியம் அறையில் யாரும் இல்லை. பீரோவைத் திறந்தேன். போனின் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்தால் விரல் தடம் தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு 'ப'. அதேபோல் இழுத்தேன், திறந்துகொண்டது. ஆதாரம் தேடினேன். ஆதாரம் தேடுவது குற்றமாகாது.

என் படம் இல்லை. யாருடைய வகுப்பும் இல்லை. குழந்தைகள். எடை பார்க்கும் தொட்டிலில் அழும் குழந்தை. தட்டில் அவித்த முட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் குழந்தைகள். நடுநடுவே கசங்கிய துண்டுச்சீட்டுகளின் படங்கள். பென்சிலில் பெயர்கள், தேதி, 'வரவில்லை' என்று சில.

ஒரு செயலி. உள்ளே மையத்தின் எண், பணியாளர்: மாடத்தி. அதன் கீழே எல்லாம் சிவப்பு. வருகை நிலுவை. உணவு நிலுவை.

சூப்பர்வைசர் என்ற பெயரில் ஒரு குரல் செய்தி. கேட்டேன். "மாடத்தியக்கா, ரெண்டு நாளா ஒங்க சென்டர் செவப்புலயே நிக்கி. மேலருந்து எங்கிட்ட கேக்குதாவ. என்னன்னு பாருங்க. ஆபீஸ் போனை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

பள்ளிக்குப் பின்னால் பால்வாடி இருக்கிறது. மதியம் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு வளையல் கை வருவதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டும் போனும் வந்திருக்கின்றன. மகள் வாங்கி எல்லாவற்றையும் பதிவுசெய்து, மணி அடிக்குமுன் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் முடியவில்லை. சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

பீரோவைப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

திருப்பிக் கொடுக்கவில்லை.

கொடுத்தால் பதிவேட்டில் உள்ள வரியை அடிக்க வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பார். திறந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் தொகுப்பூதியத்தில் இருப்பவள். ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிப்பு.

மேலும் விதி என்று ஒன்று இருக்கிறது.

ஜூலை 9, அதே நாள்

சாயங்காலம் மறுபடி அந்த வீடியோ. இந்த முறை என் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. வெட்கம் குறையுமா என்று பார்த்திருப்பேன்.

இடது ஓரத்தில் முதல் பெஞ்சு. ஆவுடைச்செல்வி. இரண்டு கைகளும் மேஜைமேல். பத்தொன்பது விநாடியும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

படத்துக்குள் இருப்பவள் படம் எடுக்க முடியாது. நாற்பது முறை பார்த்தேன். நாற்பது முறையும் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள்.

ஜூலை 10, புதன்

செல்வி இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கேள்விக்குப் பதில் சொல்கிறாள், உட்கார்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது.

மதியம் ஒரு யோசனை. நல்ல யோசனை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

போனைச் சார்ஜ் போட்டேன். செயலியைத் திறந்தேன். போன நாட்கள் பூட்டியிருந்தன, இன்றைய நாள் திறந்திருந்தது. இருபத்தொரு பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். தொட்டால் பச்சைக் குறி. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? பால்வாடிக் குழந்தைகள் வராமல் எங்கே போவார்கள். தொட்டுக்கொண்டே போனேன். உணவு: வழங்கப்பட்டது. சமர்ப்பி.

சிவப்பெல்லாம் பச்சையாயிற்று.

உடம்பில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது போல இருந்தது. இரண்டு நிமிட வேலை. ஒருவருடைய வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன், யாருக்கும் தெரியாமல்.

ஜூலை 11, வியாழன்

இன்றும். இருபத்தொன்று. பச்சை.

ஜூலை 12, வெள்ளி

இன்றும். நேற்றுச் சாயங்காலம் புதிதாக ஒரு குரல் செய்தி வந்திருந்தது. கேட்கவில்லை. பிறருக்கு வந்த செய்தியைக் கேட்பது முறையல்ல.

ஜூலை 14, ஞாயிறு

அம்மாவுடன் பேச்சு. பக்கத்து வீட்டில் மாடியில் ஷீட் போடுகிறார்கள். தம்பி சாப்பிடும்போதும் போனைக் கீழே வைப்பதில்லை. "நீ சொல்லேன் அவனுக்கு. நீ சொன்னாத்தான் கேப்பான்."

சொல்கிறேன் என்றேன்.

புதன்கிழமைக் கமிட்டி. திங்கட்கிழமை சாரிடம் பேசிவிட வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

பேசவில்லை. சாருக்குப் பல்வலி.

ஜூலை 16, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத முயல்கிறேன்.

மூன்றாம் பிரிவேளை முடிந்ததும் ஆசிரியர் அறை வாசலில் ஒரு பெண். நாற்பத்தெட்டு இருக்கும். முந்தானையில் பருப்புக் கறை. அருகில் செல்வி, அழுது முடித்த முகத்தோடு.

"நான் மாடத்தி டீச்சர். செல்விக்க அம்மா. பின்னால இருக்க பால்வாடி." குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கொஞ்சம் வெளிய வாரீகளா?"

வேப்பமரத்தடிக்குப் போனோம். இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

"இவ எங்கிட்ட போன் ரிப்பேர்னு சொல்லிட்டா. டிஸ்பிளே போயிட்டாம், கடையில கெடக்காம். சரின்னு நானும் நோட்டுல எழுதி வச்சிக்கிட்டு இருந்தேன். நேத்து இது வந்துச்சு."

விளக்கம் கேட்டு அனுப்பிய தாள். மூன்று நாளில் பதில் தர வேண்டும். தவறினால் நடவடிக்கை.

"வியாழக்கிழமை காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் நான் யூனியன் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். சூப்பர்வைசரம்மாவுக்கு நேர் எதிர்க்க நாற்காலி. உதவியாளுக்கும் லீவு. சென்டரையே தொறக்கல. ஆனா போன்ல இருபத்தொரு பிள்ளைக வந்து, முட்டை தின்னுட்டுப் போயிருக்குவ. ரிப்பேர்ல கெடக்க போன் எப்படி டீச்சர் வருகை போடும்?"

என் கை சாவியைத் தொட்டுப் பார்த்தது.

"அப்பதான் இவ உண்மையச் சொல்லுதா. போன் ஒங்க பீரோவுல இருக்காம். இவ தொடலியாம். எம்பிள்ளை ஒரு பொய் சொன்னா ரெண்டாவது பொய் சொல்ல மாட்டா. எனக்குத் தெரியும்." நிறுத்தினார். "பீரோ சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட."

உள்ளே ஏதோ வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களா?" கேட்டது செல்வி.

"சிவப்பா இருந்தது." என் வாயில் முதலில் வந்தது அதுதான். மன்னிப்பு அல்ல.

"செவப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது டீச்சர்! வராத பிள்ளைய வந்தான்னு எப்படிப் போடுவீங்க? லிஸ்ட்டுல எட்டாவது காவியான்னு ஒரு பிள்ளை இருக்கும். அது அவங்கப்பாகூட திருப்பூருக்குப் போயி ஒரு மாசம் ஆச்சு. பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கு, இன்னும் எடுக்கல. நான் தினமும் அதை மட்டும் தொடாம விடுவேன். நீங்க அதுக்கும் மூணு நாள் முட்டை குடுத்திருக்கீங்க."

"ஏட்டி, சத்தம் போடாத. டீச்சர்கிட்ட பேசுத."

"இவங்க டீச்சராம்மா?"

மாடத்தி அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். ஓங்கி அல்ல.

நான் எழுதித் தருகிறேன் என்றேன். போன் என் பொறுப்பில் இருந்தது, பதிவுசெய்தது நான், என்று. உங்கள் அலுவலகத்துக்கே வந்து சொல்கிறேன் என்றேன். சொல்லச் சொல்ல மனம் லேசாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறேன்.

"வேண்டாம்," என்றார் மாடத்தி.

"ஏன்?"

"போன் ஒங்க கைக்கு எப்படி வந்துச்சும்பாவ. எம்மககிட்டருந்து பிடுங்குனீங்கன்னு சொல்லணும். ஆபீஸ் போன் அவ கைக்கு ஏன் போச்சும்பாவ. பதினேழு வருசமா அங்க இருக்கேன் டீச்சர். பிள்ளை நெத்தியத் தொட்டா எத்தனை டிகிரின்னு சொல்லிருவேன். இந்தக் கட்டத்தைத் தொடும்போது மட்டும் கை நடுங்குது. ஒண்ணு தொட்டா ஒண்ணு போவுது. எல்லாத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளை போடுதான்னு தெரிஞ்சா என்னைய வைப்பாவளா?"

என் உண்மையை அவர் வேண்டாம் என்றார். அது எனக்கு மட்டும்தான் உதவும்.

ஆனால் கமிட்டி நாளைக்கு. இன்னொன்றை நான் செய்ய முடியும். வேதம்மா டீச்சரிடம் போனைக் கேட்டு வாங்கினேன். அவர் எதையும் அழிப்பதில்லை. மூவருமாகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனோம்.

"சார், இவ என்னைப் படம் எடுக்கல. நான் தப்பாச் சொல்லிட்டேன். என்னை எடுத்த படம் வேற. இதுதான். இதுல இவ உள்ள இருக்கா."

ஓடவிட்டேன். இன்னாசிமுத்து சார், மாடத்தி, செல்வி, நான். நால்வரும் குனிந்து பத்தொன்பது விநாடி என்னைப் பார்த்தோம்.

சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இது என்ன, மூஞ்சிக்கு மேல சக்கரம்?"

நான் சொல்லத் தொடங்கினேன், முடியவில்லை. செல்விதான் சொன்னாள்: "பஃபரிங் சார். நெட்டு வராம அப்படியே நின்னுட்டுன்னு அர்த்தம்."

"நின்னுட்டா?" கொஞ்சம் யோசித்தார். "இதுக்கா இம்புட்டும்? எங்க வீட்டம்மா பேசும்போது எனக்கு மணிக்கணக்கா நின்னு போவும். யாரும் படம் எடுக்கல, அவ்வளவுதான்."

மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். செல்வி சிரிக்கவில்லை.

"இவ எங்க இருக்கா?"

காட்டினேன்.

"ஆமா. கையக் கட்டிக்கிட்டு... இல்ல, மேசையில வச்சிருக்கா. பாவம், நீங்க எப்பம் முடிப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருக்கா," என்றார்.

அடிக்கோல் வைத்துப் பதிவேட்டில் அந்த வரியை அடித்தார். மாடத்தி கையெழுத்திட்டார். போனை வாங்கி முந்தானையில் துடைத்து, திறக்காமலே ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். டி.சி. பேச்சு முடிந்தது. போனைத் திறந்தீர்களா என்று சார் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாடத்தி சொல்லவிடவில்லை என்று எழுதலாம். அது பாதிதான் சரி.

வெளியே வந்ததும் என்னைக் கேட்டார்: "நீங்க தமிழ் டீச்சர்தான?"

"ஆமா."

"அப்பம் ஒரு விளக்கம் எழுதித் தாங்க. எனக்குச் செயலி சரியா வராது, தெரியாம கை பட்டு மூணு நாளும் எல்லாப் பேரும் பதிவாயிட்டுன்னு. எச்சரிச்சு விட்டுருவாவ."

"நம்புவாங்களா?"

"எங்க வயசு பொம்பளை போனைத் தப்பா அமுக்கிட்டான்னா யாரு நம்ப மாட்டா?"

செல்வி குறுக்கே வந்தாள். "நீ ஏம்மா பொய் சொல்லணும்? நீ தொடவே இல்லியே. பண்ணது இவங்க. முட்டாளு நீயா?"

"முட்டாளுன்னு எழுதுனா சோறு கெடைக்கும். வெவரமானவன்னு எழுதுனா கெடைக்காது. சும்மா இரி."

வேப்பமரத்தைச் சுற்றிய சிமெண்டு மேடையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் தாளை அவர் வாங்கி, விரல் வைத்துப் படித்தார். நிதானமாக, ஒரு எழுத்தும் தடுமாறாமல். "'தெரியாமல்'னு ரெண்டு தடவ வருது டீச்சர். ஒண்ணு போதும். ரெண்டு தடவ சொன்னா பொய் மாதிரி இருக்கும்." திருத்தி எழுதினேன். இந்த நோட்டிலும் பிரதி எடுத்துவைக்கிறேன்:

மதிப்புக்குரிய அம்மா,

நான் கடந்த ஜூலை 10, 11, 12 ஆகிய நாட்களில் மையத்தின் கைபேசியைக் கையாண்டபோது, செயலியைச் சரியாக இயக்கத் தெரியாமல், வராத குழந்தைகளையும் வந்ததாகப் பதிவுசெய்துவிட்டேன். நான் யாரையும் ஏமாற்றும் நோக்கத்தில் இதைச் செய்யவில்லை. பெயர்களைத் தொடும்போது அவை குழந்தைகள் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. இனி இவ்வாறு நேராது என உறுதி கூறுகிறேன். நான் செய்த தவற்றைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மூன்றாவது வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு," என்றார்.

கையெழுத்திடுமுன் ஒருமுறை சத்தமாகப் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். 'நான்' என்று வந்த ஒவ்வொரு இடத்திலும் செல்வி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.